பெரியப்பாவின் ட்ரெயிலர் பலகை

பெரியப்பா பக்கவாதத்தில் விழுந்த வருடம், பள்ளி விடுமுறைக்குக் கலஹாவிலிருந்த அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மரக்கறி ஏற்றி ஓடிய லேண்ட்மாஸ்டர் கை ட்ராக்டர் வாசலில் சும்மா நின்றது. அதன் ட்ரெயிலரைப் பெரியம்மா தார்ப்பாய்ப் படங்கால் இறுக மூடிக் கட்டி, மழையிலிருந்து காப்பாற்றிவிட்டதாக நம்பியிருந்தார்.

ஒருநாள் சித்தப்பா வண்டி வாங்க ஓர் ஆளைக் கூட்டிவந்தார். படங்கை விலக்கினால் உள்ளே புழுக்கம். பலகைகள் கறுத்து ஊறியிருந்தன. ஓரத்தில் காளான் முளைத்திருந்தது. வந்தவர் விரலால் குத்திப் பார்த்துவிட்டு, இது விறகுக்குத்தான் ஆகும் என்றார். அண்ணன் இனி எங்கே ஓட்டப்போகிறார், கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடலாம் என்றார் சித்தப்பா.

“விக்கிறதா இல்ல,” என்றார் பெரியம்மா. “வெயில் வரட்டும். பலகைய நான் பாத்துக்கிறேன்.”

வெயில் வந்ததும் கம்பி பிரஷ்ஷோடு இறங்கினார். பாசியைத் தேய்த்துக் கழுவினார். உளுத்த பலகையைப் பெயர்த்தெடுத்தார். மற்றவற்றை நன்றாகக் காயவிட்டார். எனக்கு அவர் கொடுத்த வேலைதான் விசித்திரமானது. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓடி, கட்டிலில் கிடந்த பெரியப்பாவிடம் கேட்டுவர வேண்டும். காய்ந்தது போதுமா? எண்ணெயை வெட்டுமுனையிலும் பூசுவதா? அவர் தலையை அசைப்பார், அல்லது நல்ல கையைத் தூக்குவார். பெரியம்மாவுக்கு அது போதாது.

“வாயால என்னா சொன்னாருன்னு கேட்டுட்டு வா.”

புதுப் பலகையை நெருக்கி அடிப்பதா, விட்டு அடிப்பதா என்று கேட்கப் போனபோது அவர் உதடு கோணியது, எச்சில் வழிந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. வெளியே வந்து, அவருக்குத் தெரியல போல, நீங்களே அடிங்க என்றேன்.

“சொல்லுவாரு. நின்னு கேளு.”

நின்றேன். நெற்றி வியர்க்க வியர்க்க முயன்று, கடைசியில் சொன்னார்: “எட… வெளி… வுடு.”

ஓடிவந்தேன். புதுப் பலகை ஏற்கெனவே அடித்து முடிந்திருந்தது. நீர் வடியவும் காற்றுப் போகவும் ஒரே சீராக இடைவெளி விட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது.

“ஒங்களுக்குத்தான் தெரியுமே பெரியம்மா, பின்ன ஏன் என்னைய அனுப்புனீங்க?”

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “என்னா சொன்னாரு?” என்றார். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன்.

அடுத்த மழைக்குப் படங்கை மூங்கில்மேல் கூரைபோல் தூக்கிக் கட்டினோம். எண்ணெய் குடித்த பலகையில் தெறித்த நீர் முத்தாக உருண்டு, இடைவெளி வழியே இறங்கியது. மழைக்காலம் முடிய, பெரியம்மாவே அந்த வண்டியில் மரக்கறி ஏற்றத் தொடங்கினார். பெரியப்பா வாசல் கதிரையில் உட்கார்ந்து, குழறியபடியே அவருக்கு வழி சொன்னார்.

நானோ அந்த விடுமுறை முடிந்து ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம், பெரியம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது, ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று முறையிட்டேன்.