அழாமல் நன்மை எடுத்த பிள்ளை

என் தங்கை கத்தரீனாவைப் போல ஒரு பிடிவாதக்காரியைக் குருநகரில் நான் கண்டதில்லை. அவளுடைய மகள் கிறிஸ்ரினாவுக்கு ஒன்பது வயது. வாயில் பத்துச் சொல்கூட இல்லை. புதிதாக எதைக் கொண்டுபோனாலும் அலறுவாள். அவளோடொத்த பிள்ளைகள் கோயிலில் நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு ஆயத்தமானபோது, மறைக்கல்வி ரீச்சர் தங்கையைத் தனியே கூப்பிட்டு, பூசை நேரம் பிள்ளை கத்தினால் மற்றவர்களுக்குக் குழப்பம், அடுத்த வருடம் பார்ப்போம் என்றாராம். போன வருடமும் அதையேதான் சொன்னார். இந்த முறை கத்தரீனா விடவில்லை. அழாமல் நடந்து வருவாள், நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்காகப் பிடித்த ஆள்தான் சாருஜா. இப்படியான பிள்ளைகளைப் பழக்கப் படித்தவள், உடுவிலில் இருந்து ஸ்கூட்டியில் வருவாள். அவளைத் திட்டத்தான் எனக்கு வாய் வருகிறது, ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், கெட்டிக்காரி. எந்த வேலையையும் துண்டு துண்டாகப் பிரிப்பாள். ஒவ்வொரு துண்டுக்கும் தோடம்பழ இனிப்பில் ஒரு சின்ன நொறுக்கு. முதலில் பிள்ளையின் கையைப் பிடித்துச் செய்விப்பாள், பிறகு முழங்கையை மட்டும் தொடுவாள், பிறகு விரலால் காட்டுவதோடு சரி. ஒரு கிழமையில் கிறிஸ்ரினா கைகூப்பி நடந்து, வாய் திறந்து, ‘ஆமென்’ சொன்னாள்.

சப்பாத்துத்தான் சரிவரவில்லை. வெள்ளைச் சப்பாத்தைப் போட்டு எழுப்பி நிறுத்தினால் போதும், கத்திக்கொண்டு இழுத்துக் கழற்றப் பார்ப்பாள். செருப்பே போடாத கால், அதுதான் என்றோம்.

“இப்பக் கழட்டினீங்களெண்டா, அழுதாக் கழட்டலாமெண்டு பழகீடுவா. பாக்காத மாதிரி இருங்கோ அக்கா,” என்றாள் சாருஜா.

அப்படியே இருந்தோம். வளர்ந்த பெண்கள் மூன்று பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க, நடுவில் அந்தப் பிள்ளை கத்தியது. முதல் நாள் இருபத்திரண்டு நிமிடம் என்று சாருஜா கொப்பியில் எழுதினாள். குதிக்காலில் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. முற்றத்துச் சிப்பி குத்தியிருக்கும் என்று மஞ்சள் பூசினோம். ஒருநாள் பொறுக்க முடியாமல், பாவமடி, கழற்றிவிடு என்றேன். கத்தரீனா என்மேல் பாய்ந்தாள்.

“கோயிலுக்கை எல்லாரும் திரும்பிப் பாக்கேக்கை நீயே வந்து நிக்கப்போறாய்?”

நான் மறுபடி சுவரைப் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் பிள்ளை அழவில்லை. சாருஜா கை தட்டினாள். கத்தரீனா ஒரு முழு இனிப்பைக் கொடுத்து மகளைக் கொஞ்சினாள்.

நன்மை நாளன்று கிறிஸ்ரினா வரிசை குலையாமல் நடந்தாள். ரீச்சர் கண்ணைத் துடைத்தார். பூசை முடிய வெளியே வாங்கில் இருத்தி, தங்கை சப்பாத்தைக் கழற்றினாள். காலுறையாகப் போட்டிருந்த மேஸ் இரத்தத்தில் ஊறிக் குதிக்காலோடு ஒட்டியிருந்தது. சப்பாத்துக்குள் கைவிட்டுப் பார்த்தாள். ஆணி முனை.

போன வருடம் என் மகள் நன்மைக்குப் போட்ட சப்பாத்து அது. எங்கள் குடும்பத்தில் அது பிள்ளைக்குப் பிள்ளை கைமாறும். கொடுக்குமுன், குதி கழன்றிருக்கிறதென்று நான்தான் ஆணி அடிப்பித்தேன். உள்ளே ஒரு விரலை விட்டுப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு, மூதேவி.

கத்தரீனா மேஸை உரித்தாள். தோலும் சேர்ந்து வந்தது. பிள்ளை கைகளை மடியில் வைத்து நிமிர்ந்து இருந்தாள். தங்கை அவளுடைய கையைப் பிடித்து நன்றாகக் கிள்ளினாள்.

“அழன் பிள்ளை. அம்மா பாக்கிறன், அழன்.”

மறுபடியும் கிள்ளினாள். தோல் கன்றிப் போனது. பிள்ளை அசையவில்லை. நான்தான் தங்கையின் கையைப் பிடித்து இழுத்தேன்.

இப்போது சாருஜா ‘நோகுது’ என்ற சொல்லைப் பழக்குகிறாள். இன்னும் வரவில்லை. கத்தரீனா தினமும் குளிக்க வார்க்கும்போது மகளை உச்சி முதல் உள்ளங்கால் வரை தடவிப் பார்க்கிறாள். காயமோ காய்ச்சலோ, தாயாகத் தேடிக் கண்டுபிடித்தால்தான் உண்டு.