ஓரத்தில் ஆறு இடம்

பள்ளிக்கூட குரூப் போட்டோ எடுக்கிறவனுக்குக் கேமரா தெரிந்தால் மட்டும் போதாது, தலை எண்ணத் தெரியவேண்டும். நான் ஏழாவது வரைக்கும்தான் படித்தவன். ஆனால் தலை எண்ணுவதில் இதுவரை தவறியதில்லை. அன்றைக்கு, ஆந்திராவில் வடமாலபேட்டை தாண்டி திருப்பதி ரோட்டோரத்தில் இருக்கும் அந்தத் தனியார் பள்ளிக்கூடத்தில், பத்தாம் வகுப்பு பிரிவுபசார விழாவுக்கு வந்திருந்தவர்கள்: மாணவிகள் பதினேழு, மாணவர்கள் இருபத்தொன்று, ஆசிரியர்கள் ஆறு, பள்ளிக்கூடத்துக்குச் சொந்தக்காரரான கரஸ்பாண்டெண்ட் ஒன்று, அவர் மனைவியான பிரின்சிபல் மேடம் ஒன்று, வாட்ச்மேன் ஒன்று, நான் ஒன்று. ஆக நாற்பத்தெட்டு. இதில் படத்தில் நிற்கவேண்டியவர்கள் நாற்பத்தாறு. வாட்ச்மேனையும் என்னையும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படத்துக்குக் கூப்பிட்டதில்லை.

நீங்களும் ஒருநாள் வெயிலில் பெஞ்சின்மேல் ஏறி நின்று, சரியாகக் கிளிக் செய்யும் நேரத்தில் கண்ணை மூடியவர்கள்தான். அதனால் உங்களிடம் சொல்லலாம்.

மைக்கில் நினைவுகள்

போட்டோவுக்கு முன்னால் ஒவ்வொருவரும் மைக்கில் வந்து பள்ளி நாட்களைப் பற்றிப் பேசவேண்டும் என்று ஏற்பாடு. முதலில் வந்த பன்னிரண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்து வாசித்தார்கள். "இந்தப் பள்ளி எங்களுக்குக் கோயில், ஆசிரியர்கள் தெய்வம்." பன்னிரண்டாவது ஆள் வாசிக்கும்போது தாளின் மடிப்பில் ஓட்டை விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் தெய்வத்தை விட்டுவிட்டுக் கோயிலோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கணக்கு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் யாரையாவது அடித்திருந்தால் அது அன்பினால்தான்" என்றார். அந்த அன்பு யார் யாருக்குக் கிடைத்தது என்று கை தூக்கச் சொல்லியிருந்தால் முப்பத்தேழு கை எழுந்திருக்கும். தூக்காத ஒன்று கரஸ்பாண்டெண்ட் மகன் ஹர்ஷாவினுடையது. அவனும் இதே வகுப்புதான்.

அப்புறம் சந்துரு வந்தான். ஒல்லியான பையன், தாள் இல்லாமல் வந்தவன் அவன் ஒருத்தன்தான். மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நா கிளாஸ்க்குள்ள உக்காந்ததவிட வெளிய நின்னுக்கினு இருந்தது ஜாஸ்தி சார். என்னப்பத்தி ஏதாச்சும் கேக்கணும்னா வேப்பமரத்துகிட்ட கேளுங்க."

முப்பத்தெட்டு எதிர்காலம்

அடுத்தது, பெரியவர்களாகி என்ன ஆகப்போகிறீர்கள் என்ற கேள்வி. நான் ஸ்டாண்டை நிறுத்திக்கொண்டே எண்ணினேன். சாஃப்ட்வேர் பதினாலு, டாக்டர் ஒன்பது, கலெக்டர் ஆறு, போலீஸ் நாலு. வேலை சொல்லாமல் அமெரிக்கா என்று ஊரை மட்டும் சொன்னவர்கள் இரண்டு. ஆக முப்பத்தைந்து. ஒரே வகுப்பிலிருந்து ஆறு கலெக்டர் கிளம்பினால் இந்தப் பக்கத்து ஜில்லாக்கள் போதாது, புதிதாகப் பிரிக்கவேண்டும். கரஸ்பாண்டெண்ட் எல்லாவற்றுக்கும் கை தட்டினார்.

மீதி மூன்று பேர். சந்துரு, "நானும் கரஸ்பாண்டெண்ட்டே ஆவறேன் சார், அதுக்குத்தான் பரீட்சை கெடையாது" என்றான். அவர் கை தட்டவில்லை. ஹர்ஷா மைக்கை வாங்கி, "டாடி என்ன சொல்றாரோ அது" என்றான். அதற்கு எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

கடைசியாக கோமதி. அவள் நைனா, அதாவது அப்பா, பூந்தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர். எல்லைப் பக்கத்துத் தமிழ் ஊரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். எதிர்காலத்தில் என்ன ஆகவேண்டும் என்று மேடம் இரண்டு தடவை கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: "பாஸ் ஆவணும் மேடம்."

ஒரு கை மட்டும்

பேச்செல்லாம் முடிந்து, போட்டோவுக்கு முன்னால் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருந்தேன். கோமதி எனக்கு மோர் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல், சுவரில் மாட்டியிருந்த போன வருஷத்துக் குரூப் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் படத்தில் வலது ஓரத்தில் நிற்கிற பையனின் தோள்மேல் ஒரு கை இருக்கிறது. கைக்குச் சொந்தக்காரன் இல்லை.

"தாத்தா, இந்தக் கை யாருது?"

எனக்குத் தெரியும். போன வருஷம் நின்றவர்கள் நாற்பத்தொன்று, பிரின்ட்டில் இருப்பவர்கள் முப்பத்தேழு. அந்தப் பள்ளிக்கூடத்தில் வழக்கம் அப்படி. ரிசல்ட் வந்த அடுத்த மணியே ரோட்டுத் திருப்பத்தில் ஃப்ளெக்ஸ் ஏறிவிடவேண்டும். அதற்காக முன்கூட்டியே அடித்துவைத்துவிடுவார்கள். ஃப்ளெக்ஸில் குரூப் போட்டோ, அதன் அடியில் ஒரே வரி: 'படத்தில் இருப்பவர்கள் நூற்றுக்கு நூறு தேர்ச்சி.' அதில் பொய் ஒன்றும் இல்லை. படத்தில் இல்லாதவர்களைப் பற்றி அது பேசுவதில்லை. பாஸ் ஆகமாட்டார்கள் என்று சந்தேகப்படுகிறவர்களை ஓரத்தில் நிறுத்தி, ரிசல்ட்டுக்கு முன்னாலேயே வெட்டிவிடுவார்கள். நான்தான் வெட்டினேன். அந்தக் கைக்காரப் பையன் அப்புறம் பாஸ் ஆகிவிட்டான். கையை மட்டும் திருப்பி ஒட்ட முடியவில்லை.

நான் மோரைக் குடித்தேன். "அந்தண்ணா பாஸா?" என்றாள். தலையாட்டினேன். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "எங்க நைனாவுக்குப் படிக்கத் தெரியாது தாத்தா. போன்ல வர்றது எவனோ எழுதறது, ரோட்ல கட்றதுதான் நெஜம்னுவாரு. அதுல நா இல்லன்னா, பாஸானாலும் ஃபெயிலுதான். மறுநாளே பூப்பறிக்க இட்டுக்கினு போய்டுவாரு."

பட்டியல்

வெளியே நாற்காலி எட்டுப் போட்டு, அதன் பின்னால் மாணவிகள் பதினேழு, பெஞ்சின்மேல் மாணவர்கள் பதினொன்று, அதற்கும் பின்னால் உயரமான பெஞ்சில் பத்து என்று நிறுத்தத் தொடங்கினேன். மூன்று வரிசை, ஆறு ஓரம். கரஸ்பாண்டெண்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு சீட்டைக் கொடுத்தார். அதில் ஆறு பெயர். முதல் பெயர் கோமதி, இரண்டாவது சந்துரு. "பெத்தாயனா, இந்த ஆறு பேர ஓரத்துல நிறுத்து. நம்ம ஹர்ஷா எனக்குக் கரெக்டா பின்னாடி, செண்டர்ல" என்றார். தெலுங்குக்காரர், என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். பெத்தாயனா என்றால் பெரியவரே என்று மரியாதை.

ஹர்ஷாவைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை. வாராவாரம் வைக்கும் ஸ்லிப் டெஸ்டில் இருபத்தைந்துக்கு இருபத்துநாலுக்குக் கீழே அவன் வாங்கியதில்லை. நான் நாற்காலியை நேராக்கும் சாக்கில் கணக்கு வாத்தியாரிடம், பையன் அவ்வளவு கெட்டிக்காரனா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கர்ச்சீப்பை மடித்துக்கொண்டே சொன்னார்: "அவனுக்கு ரெண்டு மார்க் கொறச்சா, நா ரெண்டு நாள்ல வேற ஸ்கூல் தேடிக்கினு போவணும் பெரியவரே."

காது

எதிர்த்துப் பேசும் சுபாவம் எனக்குக் கிடையாது. வேலை நேரத்தில் நான் பேசுவது மொத்தம் மூன்று வார்த்தை: ரெடி, ஸ்மைல், இன்னொண்ணு. ஆகவே சீட்டில் எழுதியபடி ஆறு பேரையும் ஆறு ஓரத்தில் நிறுத்தினேன். ஒன்றுதான் கூடுதலாகச் செய்தேன். ஓரத்து ஆள் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் முதல் ஆறு ரேங்கில் ஒருவரை நிறுத்தினேன். ஓரத்து ஆளைப் பாதி திருப்பி, தோள் அந்த ரேங்க்காரருக்கு முன்னால் வரும்படி நெருக்கினேன். கோமதியின் பின்னால் ஃபர்ஸ்ட் ரேங்க், சந்துருவின் பின்னால் செகண்ட் ரேங்க். தொழிலில் இது சாதாரணம். வரிசை அடர்த்தியாகத் தெரியும்.

மூன்று வாரம் கழித்துக் கரஸ்பாண்டெண்ட் ஸ்டூடியோவுக்கு வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். "கட் பண்ணு" என்றார். கோடு போட்டேன். கோமதி போனாள், ஃபர்ஸ்ட் ரேங்க்கின் காதும் கூடவே போனது. கோட்டை நகர்த்தினேன். காது வந்தது, கோமதியின் பாதி மூக்கும் வந்தது. அந்தப் பக்கம் சந்துருவை எடுத்தால் செகண்ட் ரேங்க்குக்கு ஒரு கண்தான் மிஞ்சியது. பதினொரு தடவை கோட்டை நகர்த்தச் சொன்னார். கம்ப்யூட்டரில் ஆளை மட்டும் எடுக்கமுடியாதா என்றார். எனக்கு வெட்ட மட்டும்தான் தெரியும் என்றேன், அது உண்மை. வேண்டுமென்றே நிறுத்தினாயா என்று கேட்டிருந்தால் அதற்கும் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் போனில் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். கரஸ்பாண்டெண்ட் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: "டாப்பருக்குக் காது இல்லன்னா ரோட்ல போறவன் கேப்பான். அந்த ஆறு பேர ஒருத்தனும் கேக்கமாட்டான். போட்டும், மொத்தமா அடி."

ரிசல்ட் அன்று

எழுதியவர்கள் முப்பத்தெட்டு, பாஸ் முப்பத்தாறு. ஓரத்து ஆறில் ஐந்து பேர் பாஸ். கோமதிக்குக் கணக்கில் முப்பத்தாறு. தேவை முப்பத்தைந்து. கணக்கில் போனவர்கள் இரண்டு பேர், சந்துருவும் ஹர்ஷாவும். பரீட்சைத் தாளைத் திருத்தியவருக்கு ஹர்ஷா யார் மகன் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

ஃப்ளெக்ஸ் அதற்குள் ரோட்டுத் திருப்பத்தில் ஏறியாயிற்று. மத்தியானம் ஒரு ஏணி வந்தது. கணக்கு வாத்தியார் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஃப்ளெக்ஸ் கடை ஆள் மேலே ஏறி, பள்ளிக்கூடத்து முத்திரையை வட்டமான ஸ்டிக்கராக ஹர்ஷாவின் முகத்தின்மேல் ஒட்டினார். அளவு மிகச் சரியாக இருந்தது. முத்திரைக்குக் கீழே டையும் லீடர் பேட்ஜும் மட்டும் தெரிந்தன. ஏணியை ஓரத்துக்கும் நகர்த்திப் பார்த்தார்கள். சந்துருவை மூடினால் பாதி செகண்ட் ரேங்க் மூடிக்கொள்கிறது. இறங்கிவிட்டார்கள்.

சந்துரு சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, தேர்ச்சி பெற்றவர்களின் நடுவே தான் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "சப்ளிமெண்டரி ஃபீசு கட்டலாமா வேணாமா தாத்தா? ரோட்ல நா பாஸாயிட்டேனே" என்றான்.

பிரதிகள்

அந்தப் படம் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வரக்கூடாது என்று கரஸ்பாண்டெண்ட் சொல்லிவிட்டதால், நாற்பத்தாறு பிரதியையும் ஸ்டூடியோவில் வைத்தே கொடுத்தேன். கோமதி அவள் நைனாவோடு வந்தாள். கவரைப் பிரிக்கக்கூட இல்லை அவர். காலேஜில் இன்டருக்கு, நம் பிளஸ் ஒன் மாதிரி, சேர்த்துவிட்ட சீட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினார். நான் படித்துவிட்டுக் கொடுத்தேன். "ரோட்ல நாலு தபா போய்ப் பாத்தேங்க" என்றார். "ஓரத்துல இருக்குதேன்னு மொதல்ல பயந்துக்கினு இருந்தேன். அப்பால பாத்தா, அந்தப் படத்துல ஓரத்துல நிக்கறவங்கதான் முன்னாடி நிக்கறாங்க."

கடைசியாக வந்தது பிரின்சிபல் மேடம். ஆசிரியர்களுக்கு ஆறு, தங்கள் இருவருக்கு இரண்டு எடுத்துக்கொண்டார். மகனுக்கு உள்ளதை நீட்டினேன். ஹர்ஷாவை அலிபிரி பக்கத்தில் ஒரு டுடோரியல் ஹாஸ்டலில் விட்டிருக்கிறார்களாம். அதை வாங்கி, நடுவில் நிற்கும் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு தடவை துடைத்தார், தூசி ஒன்றும் இல்லை. திருப்பி என் மேஜைமேல் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "முத்திர போட்டது இருந்தா ஒண்ணு குடுங்க பெத்தாயனா. வீட்ல அதத்தான் மாட்டணுமாம்."

நாற்பத்தாறு பேரையும் முகம் தெரிகிற மாதிரி நிறுத்துவதுதான் என் தொழில், நாற்பத்தைந்து பிரதி போய்விட்டது, முகம் நன்றாகத் தெரிகிற குற்றத்துக்காக மீதி ஒன்று மட்டும் என் மேஜைமேல் கிடக்கிறது.