ஆடிவேலில் தொலைந்தது யார்

என் கணவர் வீட்டில் வாய் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். "உப்புக் காணாது" என்பது அவரிடமிருந்து வரும் நீண்ட வசனங்களில் ஒன்று. வேலையால் வந்ததும் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துவிடுவார். கலியாணமான நாள் தொட்டு நான் குடும்பம் நடத்தியது அந்தப் பேப்பரோடுதான்.

அப்படிப்பட்ட மனுஷன் பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் தானே சேர்ட்டை அயர்ன் பண்ணி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, கொழும்பின் ஒரு மூலையான கொட்டாஞ்சேனையிலிருந்து மறு மூலையான வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினால் எனக்கு எப்படி இருக்கும்? அங்கே கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஊர் வரலாற்றுக் கழகம் என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. அது தொண்ணூறுகள், யுத்த காலம். காலி வீதி என்ற அந்தப் பெருவீதி நெடுகச் சோதனைச் சாவடிகள். அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி வந்தாவது போயாவுக்குப் போயா கூடிவிடுவார்கள். பழைய கட்டடங்களைப் பார்க்க நடந்து போவது என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். கூட்டமாக நடந்தால் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில், கடைசியில் அந்தக் கட்டடங்களை மண்டபத்துச் சுவரிலேயே படமாகக் காட்டி முடித்தார்கள்.

அவர்களுடைய நிகழ்ச்சிகளில் பேர்போனது 'கண்டவர் சொல்லட்டும்'. பழைய கொழும்பைப் பற்றி ஒருவர் எழுந்து பேசுவார், அதைக் கசெட்டில் பதிவார்கள். தன் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லவேண்டும், யாரோ சொல்லக் கேட்டதைச் சொல்லக்கூடாது என்பதுதான் ஒரே விதி.

ஒருநாள் கழகத்தின் செயலாளர் அம்மா டெலிபோன் எடுத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, குரலில் தேன் வடியும்.

"மிஸஸ், உங்கட அவர் என்ன மாதிரிக் கதைக்கிறார்! போன போயாவுக்கு அவர் சொன்ன கதையில நாங்கள் எல்லாரும் அழுதிட்டம். வாற போயா ஆண்டு விழா, அதையே திரும்பச் சொல்லக் கேட்டிருக்கிறம். நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்."

நான் கொடுத்து வைத்தது பேப்பரின் பின்பக்கம். விளையாட்டுச் செய்தியும் மரண அறிவித்தலும். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிற சொல்லில் ஒரு கிள்ளு எனக்குத் தந்தால் என்ன குறைந்துவிடும்? அந்த அம்மா அழுதாராம். என்னை அழவைக்கக்கூட இந்த மனுஷன் இதுவரை வாய் திறந்ததில்லை.

"வாற போயாவுக்கு நானும் வரட்டோ?" என்று கேட்டேன்.

"உமக்கு அலுப்படிக்கும்" என்றார் பேப்பருக்குள்ளிருந்து.

அந்த ஒரு சொல் போதும். போயாவன்று அவர் போன பிறகு, அடுத்த பஸ்ஸில் நானும் போனேன். மண்டபத்தின் கடைசி வரிசையில், ஒரு தடித்த ஐயாவுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தேன்.

என் கணவர் மேடையில் நின்றார். கைகளை வீசினார், சிரித்தார். எனக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. சின்ன வயதில் ஆடிவேல் திருவிழா பார்க்கப் போன கதையைச் சொல்லத் தொடங்கினார். தேர் வருகிறது, சனம் நெருக்குகிறது, அப்பாவின் கை நழுவுகிறது. ஒரு சிங்களப் பொலிஸ் சார்ஜன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டேஷன் மேசையில் இருத்துகிறார். தன் தொப்பியைப் பிள்ளையின் மடியில் வைக்கிறார். கரும்பு வாங்கி, பல்லால் உரித்துக் கொடுக்கிறார். "அண்டன்ன எபா, புத்தே." அழாதே மகனே என்கிறார். பிள்ளை அந்த மேசையிலேயே நித்திரையாகிவிடுகிறது.

 அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர், பொலிஸ் ஸ்டேஷன் என்றதும் பிடிபட்ட தங்கள் பிள்ளைகளைத் தேடிப் போய் வாசலில் நின்ற நாட்களை நினைத்திருப்பார்கள். செயலாளர் அம்மா கைக்குட்டையை எடுத்தார்.

 'புத்தே' இல்லை, 'துவே'. அந்த சார்ஜன் அழைத்தது மகளே என்று. அந்த மேசையில் இருந்தது நான்! கலியாணமான புதிதில், ஒரு பின்னேரம், இந்த மனுஷனின் பேப்பரைப் பார்த்துக்கொண்டு நான் சொன்ன கதை. அதற்கு அவர் தந்த பதில் ஒரே ஒரு "ம்". இவர் கொழும்பை முதலில் கண்டதே வேலை கிடைத்து ஊரிலிருந்து யாழ்தேவி ரயிலில் வந்திறங்கிய பிறகுதான்.

"அப்பா தேடி வந்து, ஸ்டேஷனால இறங்கி வரேக்கைதான் பார்த்தம், ஒரு கால் கொலுசைக் காணேல்லை" என்று முடித்தார்.

முன்வரிசையில் ஒருவர் கை உயர்த்தினார். "பொடியனுக்கு ஏன் கொலுசு?"

சனம் சிரித்தது. என்னவருக்கு முகம் வெளிறிவிட்டது. எல்லாவற்றையும் ஆணாக மாற்றியவர் கொலுசை மட்டும் மறந்துபோனார். தடுமாறிக்கொண்டு நிமிர்ந்தவர், தடித்த ஐயாவின் தோளுக்கு மேலால் என்னைக் கண்டார்.

எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் என் புருஷனைப் பார்த்து அந்தக் கூட்டம் சிரிக்க நான் எப்படி விடுவது? அவரைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை எனக்கு மட்டும்தான்.

"சின்னனில ஆசைக்குப் போட்டு விடுவினம்தானே. மற்றக் கொலுசு இப்பவும் எங்கட வீட்டில கிடக்கு" என்றேன் எழுந்து நின்று.

கைதட்டினார்கள். எனக்கில்லை, அவருக்கு. வீட்டுக்குத் திரும்பினோம். கதவைச் சாத்தியதும் கேட்டேன்.

"என்ர கதையை ஏன் எடுத்தனீங்கள்?"

"அங்கை எங்கட ஊர்க் கதை எடுபடாது. கொழும்புக் கதைதான் வேணுமாம்" என்றார் தரையைப் பார்த்து. "என்னட்டை என்ன கிடக்கு?"

கொலுசைக் கழகத்தின் கண்காட்சிக்குத் தரும்படி செயலாளர் அம்மா மூன்று தரம் டெலிபோன் எடுத்தார். தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அந்தக் கிழமையிலிருந்து ஒரு புதினம் நடந்தது. அவர் பின்னேரங்களில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நான் சமைக்கும் குசினிக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "உம்மட அப்பா கொட்டாஞ்சேனையில எந்தக் கடையில சாமான் வாங்கிறவர்?" என்று கேட்டார். நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல எரிச்சலும் வந்தது. அவருடைய வாய் என்னுடன் கதைத்தாலும், மனம் அடுத்த போயாவில் நின்றது. எனக்குக் கிடைத்தது அந்த மண்டபத்துக்கான ஒத்திகை.

பிறகு நகரத்தில் குண்டு வெடித்தது. கூட்டம் கூடப் பயந்து கழகத்தைக் காலவரையின்றி நிறுத்தினார்கள். மண்டபத்துக்குப் பூட்டு விழுந்தது. நான் நினைத்தபடியே, அன்று பின்னேரம் பேப்பர் மறுபடி முகத்துக்கு ஏறியது. குசினி நாற்காலி வெறுமையாகக் கிடந்தது. பூட்டிய மண்டபத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

சில நாள் கழித்து, தேநீரை அவர் முன்னால் தொப்பென்று வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"அந்த சார்ஜன் பிறகு உம்மைப் பார்க்க வந்தவரோ?" என்று கேட்டது பேப்பர்.

"அதைக் கேட்டு ஆருக்குச் சொல்லப் போறியள்? மண்டபம்தான் பூட்டிக் கிடக்கே."

"ஒருத்தருக்கும் இல்லை."

பேப்பரை அவர் இறக்கவில்லை. எனக்குத் தெரிந்த பக்கம்தான், வழமைபோல் மரண அறிவித்தல். ஆனால் தேநீர் போட முதல் நான் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக் கோப்பைகளை அடுக்கிய நேரம் முழுவதும் அவர் அந்தத் தாளைத் திருப்பவேயில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். இத்தனை வருடமும் இப்படி வாசிக்காமல், என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாரோ?

"வந்தவர்" என்றேன். நாற்காலியை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.