சூட்டிக்கு ஒரு வேலை

ஜீவராணிக்கு உட்காரத்தான் ஆசை. வேறு பெரிய ஆசைகள் அவளிடம் இருந்ததாகத் தெரியவில்லை. நமுனுகுல மலைச்சரிவில் பத்தொன்பது வயதில் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கத் தொடங்கியவள். மழைக்காலத்தில் அட்டை உயிரை எடுக்கும். மற்றக் காலத்தில் முழங்கால் எடுக்கும். கணவன் ரமேஸ் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கென்று போனவன், தீபாவளிக்கு வருவான், அதுவும் எல்லாத் தீபாவளிக்கும் இல்லை. வீட்டில் அவளும் சூட்டியும்தான். சூட்டி, செம்மண் நிறத்தில் ஒரு பெட்டை நாய்.

தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் இருந்த காலத்தில் சூட்டியை யாரும் வளர்க்கவில்லை, அது தானாகவே வளர்ந்தது. காலையில் பெண்கள் மலைக்குக் கிளம்பினால் கூடவே கிளம்பும். தேயிலைத் தூருக்கடியில் புகுந்து முயலை விரட்டும், தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் எலி வளையைத் தோண்டும், காட்டுப்பன்றி போன தடத்தை மோந்துகொண்டே அடுத்த மலை வரை போய்விடும். சாயங்காலம் மூக்கெல்லாம் மண்ணாக வந்து, கொடுத்ததைத் தின்றுவிட்டு, கட்டை மாதிரி தூங்கும். அதற்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

பிறகு ஒரு வருடம் அடைமழையில் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்தது. மீரியபெத்தயில் மலை சரிந்து லயமே மண்ணுக்குள் போனது எல்லார் மனதிலும் இருந்தது. அதிகாரிகள் வந்து, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஏறுங்கள் என்று எல்லாரையும் லொறியில் ஏற்றிக் கீழே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். நாய்களுக்கு இடமில்லை என்றார்கள். சூட்டி லொறிக்குப் பின்னால் ஓடிவந்து ஒரு வளைவில் காணாமல் போனது. மறுநாள் பள்ளிக்கூட வாசலில் தொப்பலாக நனைந்து நின்றது. மழை கழுவிவிட்ட ரோட்டில் எந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு வந்ததோ, அதற்கே வெளிச்சம். மலை வெடித்ததற்கு அழாத ஜீவராணி அன்றைக்கு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

புது வீடுகள் ரோட்டோரம் வந்தன. ஏழு பேர்ச் துண்டுக் காணி, தகரக் கூரை, வீட்டுக்கு வீடு கம்பி வேலி. லயத்தில் ஒரே கூரைக்கடியில் சண்டை போட்டுக்கொண்டு கிடந்தவர்கள் இங்கே வந்ததும் வேலிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். பக்கத்து வீட்டு இராசையா கோழி வளர்த்தார். ஆகவே சூட்டிக்குச் சங்கிலி.

சங்கிலி போட்ட பிறகு அது நாயாக இல்லை. காலையில் ஜீவராணி வேலைக்குப் போனதும் ஊளையிடத் தொடங்கும். கட்டிய கம்பத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து தரையில் வட்டமாகப் பள்ளம் விழுந்தது. தன் வாலைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டது. "ஒன்னு நாயக் கவனி, இல்லாட்டி யாருக்காச்சும் குடுத்துரு தாயி. பகல்ல ஒரு கண்ணு தூங்க முடியல" என்றார் இராசையா. பகலில் தூங்குகிறவர் ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார் என்பதே ஜீவராணிக்குப் பொறாமையாக இருந்தது.

நாய்களுக்கு வெறிநோய் தடுக்கும் விசர் ஊசி போட பசறையிலிருந்து மிருக வைத்தியர் ஆர்த்திகா வந்தபோது, ஜீவராணி அந்த வாலைக் காட்டினாள். ஆர்த்திகா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. புண்ணைப் பார்த்தாள், கம்பத்தைச் சுற்றியிருந்த பள்ளத்தையும் பார்த்தாள்.

"வாலுக்கு மருந்து தாறன். ஆனா உங்கட நாய்க்கு வருத்தம் வால்ல இல்லையம்மா. அதுக்கு வேலை இல்லை, அதுதான் வருத்தம்."

ஜீவராணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "வேலை இல்லேன்னு வருத்தமா டொக்டரம்மா? என் வேலையில பாதியக் குடுத்துருவோமா?"

"மோப்பம் பிடிக்கிறது, தோண்டுறது, கடிக்கிறதுதான் அதின்ர வேலை. சாப்பாட்டைக் கோப்பையில வையாதேங்கோ. எங்கையாவது ஒளிச்சு வையுங்கோ, தேடித் தின்னட்டும். கிண்ட ஒரு மூலை விடுங்கோ. கடிக்க எலும்பு குடுங்கோ. இடைக்கிடை வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ. அப்ப நீங்கள் இழுக்கக் கூடாது. அதின்ர மூக்குப் போற வழியில நீங்கள் போகவேணும்."

கடைசிச் சொல்லை மட்டும் ஜீவராணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாள் முழுக்க மலையில் நடந்துவிட்டு நாயின் மூக்குக்குப் பின்னால் வேறு நடப்பதா? மற்றவற்றைச் செய்தாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு மூலையைக் கொத்தி மண்ணை இளக்கிக் கொடுத்தாள். வாரத்துக்கு ஒருமுறை கடையில் மாட்டெலும்பு கேட்டு வாங்கினாள். சாப்பாட்டை ஒளிக்க ஏதாவது வேண்டுமே என்று பார்த்தபோது கையில் கிடைத்தது பழைய கொழுந்துச் சாக்கு. அதில் காய்ந்த சருகை அடைத்து, நடுவில் ரொட்டித் துண்டையும் கருவாட்டுத் தலையையும் அங்கங்கே செருகி, வாயைச் சுருட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

சூட்டி அந்தச் சாக்கைப் படித்தது என்றுதான் சொல்ல வேண்டும். மூக்கை ஓரத்தில் வைத்து ஒவ்வொரு அங்குலமாகப் போகும். பிறகு காலால் புரட்டும், வாயைக் கவ்வி இழுக்கும், உள்ளே தலையை விட்டுச் சருகை வாரி இறைக்கும். எல்லாம் முடிந்ததும் சருகின் மேலேயே படுத்துத் தூங்கும். ஊளை நின்றது. வாலில் மயிர் முளைத்தது. இராசையா வேலிக்கு மேலால் ஒரு பப்பாசிப்பழம் நீட்டினார்.

அந்த மாதத்திலேயே ஜீவராணிக்கு இன்னொரு நல்லதும் நடந்தது. முழங்காலைப் பார்த்து இரக்கப்பட்டு, வேலையை மேற்பார்க்கும் கங்காணி ஜெயகுமார் அவளை ரோட்டுமலைக்கு மாற்றினான். எத்தனையோ வருடமாகக் கேட்டது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், ஏற்றம் இல்லை, லொறி வந்து நிற்கிற இடத்திலேயே கொழுந்து நிறுவை. பழைய லயத்துப் பக்கம் இருந்த மேல்மலைக்கு இனி ஏற வேண்டியதில்லை. அங்கே படுத்துத் தூங்கத்தான் ஆபத்து, கொழுந்து பறிக்க ஆபத்து இல்லை என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். இனி அது அவள் பாடில்லை. வந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கக்கூட நேரம் கிடைத்தது.

நாய் அடங்கிவிட்டது, வீடும் பக்கத்தில்தானே என்று ஒரு காலையில் சங்கிலியைப் போடாமல் போனாள். களைப்பில் வந்த துணிச்சல் அது.

பகல் நிறுவைக்குப் பெண்கள் சாக்குகளை மரத்தடியில் வரிசையாக வைத்துவிட்டுக் கைகழுவப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது சூட்டி மூன்றாவது சாக்கில் இருந்தது. ஒன்றையும் விட்டுவைக்காமல், வரிசைப்படி, அதற்குத் தெரிந்த முறைப்படி செய்துகொண்டிருந்தது. ஓரத்தை மோந்து, புரட்டி, வாயைக் கிழித்து, உள்ளே தலையை விட்டு வாரி இறைத்தது. காலை முழுக்கப் பறித்த கொழுந்து சேற்றில் கிடந்தது. ஜீவராணியைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு மறுபடியும் தலையை உள்ளே விட்டது. ரொட்டித் துண்டு எங்கே என்று தேடியிருக்கும்.

பெண்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவர்கள் முதுகு வலி அவளுக்குத் தெரியாததா? சேற்றுக் கொழுந்தைத் தொழிற்சாலை எடுக்காது.

"நாய்க்கு யாரு சாக்கக் கிழிக்கப் பழக்குனது?" என்றான் ஜெயகுமார்.

"நாந்தான்" என்றாள்.

"இந்த மலையில இனி அது நிக்கக் கூடாது. நாளைக்கிக் கொழுந்து லொறி பசறை வரைக்கும் போவுது. ஏத்தி விட்டுரு. சந்தைப் பக்கம் இறைச்சிக் கடைகள்ல பொழச்சிக்கும்."

திரும்பவும் சங்கிலி போடலாம். போட்டால் வாலைக் கடிக்கும், கம்பத்தைச் சுற்றும். அதைப் பார்ப்பதைவிட இறைச்சிக் கடையே மேல் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. உண்மை அவ்வளவுதான்.

மறுநாள் பகல் நிறுவை முடிந்ததும் சூட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு லொறிக்குப் போனாள். முரண்டு பிடிக்கும், தூக்கித்தான் ஏற்ற வேண்டும், முழங்கால் தாங்குமா என்று யோசித்துக்கொண்டே போனாள். பின்கதவு திறந்தது. உள்ளே கூரை முட்டக் கொழுந்துச் சாக்குகள். சூட்டியின் காது நிமிர்ந்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு ஒரே தாவலில் தானே ஏறியது. முதல் சாக்கின் ஓரத்தில் மூக்கை வைத்து, திரும்பி, வாலை ஆட்டிக்கொண்டு ஜீவராணியைப் பார்த்தது. இத்தனை சாக்கையும் இவள்தான் தனக்காகக் கட்டி வைத்திருக்கிறாள் என்று அது நினைத்துவிட்டது.

ஒரு லொறிக்குப் பின்னால் ஓடி வந்த நாய் இது.

"எறங்குடி" என்றாள். அது இறங்கவில்லை, வேலையில் இருந்தது. அவளே பின்கதவைப் பிடித்து, வலிக்கிற காலை இழுத்து ஏறி, அதை இடுப்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

"என்ன ஜீவராணி, வெளையாடுறியா?" என்றான் ஜெயகுமார்.

"என்னைய மேல்மலைக்கே போட்டுருங்கண்ணே."

"அங்க ஆளே இல்ல. நாலு பேருதான் போறாங்க. ஒன் காலு?"

"காலு கெடக்குது. அங்க நாயக் கூட்டிக்கிட்டுப் போனா யாருக்கும் எடைஞ்சல் இல்ல. சாக்க மரத்துல ஒசரமாக் கட்டித் தொங்க விட்டுருவோம். அதையும் மீறிக் கிழிச்சா அன்னிக்கி நானே ஏத்தி விடுறேன்."

"இத்தன வருசம் கேட்டு வாங்குன எடம்மா இது. போனா மறுபடி கிடைக்காது."

"தெரியும்ணே" என்றாள். தெரிந்துதான் குரல் அப்படி வந்தது.

அன்றைக்கே அவளும் சூட்டியும் மேல்மலைக்கு ஏறினார்கள். பழைய பாதையில் கால் வைத்ததும் சூட்டியின் மூக்கு தரையில் ஒட்டிக்கொண்டது. கயிற்றை அவிழ்த்துவிட்டாள். அது கானுக்குள் இறங்கி, தூருக்குள் புகுந்து, ஒரு வளையைத் தோண்டி, மூக்கெல்லாம் செம்மண்ணாக வெளியே வந்தது. கொஞ்சத் தூரம் முன்னால் ஓடும், நின்று திரும்பிப் பார்க்கும். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, அந்த மூக்குப் போன வழியில் ஏறினாள். நடுவழியில் அவளுக்கு உட்காரத் தோன்றியது. உட்கார்ந்தாள். சூட்டி ஓடி வந்து பக்கத்தில் நின்று, அவள் தலையில் மாட்டியிருந்த வெறுஞ்சாக்கை ஒருமுறை மோந்து பார்த்தது.

"அதுல ஒன்னுமில்லடி" என்றாள் ஜீவராணி. மடியில் முடிந்து வைத்திருந்த ரொட்டித் துண்டை எடுத்து, அது பார்க்காத நேரத்தில், பக்கத்துத் தேயிலைத் தூருக்குள் எறிந்தாள்.