மிச்ச வெல்லம்

சந்தவாசல் ஊரைத் தாண்டும்போதே வெல்லம் கசிய ஆரம்பித்துவிட்டது. தலையில் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, அதன்மேல் கோணிப்பையை ஏற்றிப் படவேட்டிலிருந்து நடந்துகொண்டிருந்தேன். ஆடி மாதத்து வெயில். காற்றெல்லாம் புழுதி. வியர்வையும் பாகும் ஒன்றாகிக் காதுக்குப் பின்னால் இறங்கிச் சட்டைக்குள் போயின. ஈக்கள் கூடவே வந்தன. காத்திருந்தால் பஸ் ஏதாவது வந்திருக்கும். ஆனால் பஸ்ஸில் யாராவது, 'இன்னாப்பா மூட்டை?' என்று கேட்டால் என்ன சொல்வது?

வெல்லம் என்று சொல்லலாம். அன்று காலையில் ஒரு பெண்ணைத் தராசில் உட்கார வைத்து, அவள் எடைக்கு மேல் மிஞ்சியது என்று எதிர்த் தட்டிலிருந்து இறக்கிய வெல்லம். இறக்கியவன் நான்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ஊர் ஊராகப் போய், கிடைத்ததைச் செய்து, அலுத்தால் கிளம்பிவிடுவேன். ஆரணிக்கு வந்தது எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம். பட்டு நெய்கிற ஒரு வீட்டில் பாவு வேலைக்குச் சேர்ந்தேன். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, இழைகள் ஒன்றோடொன்று சிக்காமல் பிரித்துவிட வேண்டும். அந்த வீட்டுக்காரரை அண்ணே என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அண்ணன், ஒன்றில் அக்கா.

அக்காவுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பெருத்த உடம்பு. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால், நெய்த துணி சுருளும் மரம் வயிற்றில் இடிக்கும். புடவை நெய்ய நெய்ய அந்தச் சுருள் தடிக்கும், அவளுக்கு இடம் குறையும்.

"டேய் தம்பி, குழிய அகலமா வெட்டணும்டா. உங்கக்கா எறங்கறது சுலபமா எறங்கிடறா. ஏத்தத்தான் ஆள் தேட வேண்டியிருக்குது" என்பார் அண்ணன்.

"உங்க சோத்துலயா ஊதினேன்? ஆபரேஷன் பண்ண ஒடம்புங்க இது. காத்தைக் குடிச்சாலும் ஊதும்" என்பாள் அக்கா, குறுக்கிழை ஓட்டுகிற நாடாவைக் கையிலிருந்து விடாமல்.

மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள். அந்தத் தெருவில் முப்பத்தைந்தைத் தாண்டிப் பருத்த பெண்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். செய்துகொள்ளாதவர்களும் பருத்திருந்தார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

படவேட்டு அம்மனிடம் அவளுக்கு ஒரு பழைய வேண்டுதல் இருந்தது. இரண்டாவது பிரசவத்தில் காய்ச்சல் கண்டு எலும்பும் தோலுமாகக் கிடந்தபோது, பிழைத்து எழுந்தால் எடைக்கு எடை வெல்லம் போடுவதாகச் சொல்லியிருந்தாள். எழுந்தாள். வேண்டுதல் மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று.

"அப்பவே செலுத்தியிருந்தா ஒரு கூடையில முடிஞ்சிருக்கும். இப்ப வண்டி கட்டணும்" என்று அண்ணன் சிரிப்பார்.

வெல்லம் புதிதாக வருகிற தை மாதத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ஆடியில் செலுத்திவிடுவது என்று முடிவாயிற்று. எவ்வளவு வாங்குவது என்று தெரிய, அவளையே வெல்ல மண்டிக்கு அழைத்துப் போனோம். மூட்டை நிறுக்கிற பெரிய தராசு. சங்கிலியில் தொங்கிய பலகையில் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எதிர்ப் பலகையில் வெல்ல உருண்டைகளை அடுக்கினோம். அடுக்கிக்கொண்டே இருந்தோம். மூட்டை தூக்குகிற ஆள் ஒருவன், "அண்ணே, சங்கிலி புதுசா பழசா, கேட்டுக்கோங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

திரும்பும்போது வெல்ல மூட்டைகளோடு அவளும் மாட்டு வண்டியில் வந்தாள். நான் பின்னால் நடந்தேன்.

"தம்பி, மாடு திணறுதா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத."



மறுநாள் விடிவதற்குள் நான் பாவு கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கையில் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வெளியே வந்து, கோட்டை மைதானத்துப் பக்கம் போனாள். வெயில் ஏறும்போது திரும்பினாள். தூக்கு காலியாக இருந்தது. அந்த வீட்டுக்குப் பால் வீட்டுக்கே வந்துவிடும். அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும். ஒரு பெண் வேலை எதுவும் இல்லாமல் நடந்தால் தெருவே கேள்வி கேட்கும். கையில் தூக்கு இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ராத்திரிச் சோற்றையும் விட்டாள். ஒரு கை அவல், ஒரு டம்ளர் மோர்.

பங்குனிக்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆளுக்கொரு தூக்கு. வழியில் டீக்கடைக்காரர், "இன்னாமா, நாலு பேரும் ஜல்தி ஜல்தியா போறீங்க, மாடு மைதானத்துலயா மேயுது?" என்று கேட்டதை வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அதுவரை அந்தத் தெருவில் இளைத்துவிட்டாய் என்றால் அது இரக்கப்பட்டுச் சொல்கிற சொல். உடம்புக்கு என்ன, சாப்பிடுகிறாயா, வீட்டில் சண்டையா என்று அடுத்த கேள்விகள் வரும். அந்த வெயில் காலத்தில் அது வாழ்த்தாக மாறியது. "இன்னாக்கா, சூப்பரா இளைச்சுட்டீங்க!" என்று திண்டிவனத்திலிருந்து வந்த உறவுக்காரப் பெண் கத்தினாள். ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டாள் அக்கா. தறியில் உட்கார்ந்தால் மரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம் இருந்தது. அண்ணன் எட்டிப் பார்த்து, "குழியில இன்னொரு ஆளே உக்காரலாம் போலக்குதே" என்றார். அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது.

மோதிரம் கழன்று விழாமல் இருக்க அவள் அதன் அடியில் கழிவுப் பட்டு நூலைச் சுற்றியிருந்தாள். முதலில் சிவப்பு நூல். அது போதாமல் அதன்மேல் பச்சை. ஆனி கடைசியில் பார்த்தபோது அதன்மேல் மஞ்சளும் இருந்தது. சாப்பாட்டில் ஏன் கை வைக்க மாட்டேன் என்கிறாய் என்று அண்ணன் கேட்டால், "பசிக்கல. பழகிப் போச்சு" என்பாள்.

ஆடி வெள்ளிக்கிழமை படவேட்டுக்குப் போனோம். நடக்கிற மூன்று பெண்களும் வந்தார்கள். மண்டியிலிருந்து தராசை வாடகைக்கு எடுத்து, கோயிலுக்கு வெளியே, பொங்கல் வைக்கிற இடத்துப் புளியமரக் கிளையில் கட்டினோம். பரணில் வைத்திருந்த வெல்லத்தை அப்படியே கொண்டுவந்து ஒரு பலகையில் அடுக்கினேன். பூசாரி கற்பூரம் காட்டினார். மஞ்சள் புடவை கட்டிய அக்கா வந்து எதிர்ப் பலகையில் உட்கார்ந்தாள். பலகை அசையவே இல்லை. வெல்லப் பலகை தரையைத் தொட்டபடி இருந்தது.

பெண்கள் கைதட்டினார்கள். "பாரு, நடந்தே கரைச்சுட்டாங்க! எறக்குப்பா, எறக்கு!"

நான் ஒரு உருண்டையை எடுத்தேன். இன்னொன்று. அண்ணன், "மெதுவாடா, ஒவ்வொண்ணா எடு, ஊரு பாக்கட்டும்" என்றார். ஒவ்வொன்றாக எடுத்துக் கோணியில் போட்டேன். பலகை கிளம்பவில்லை. மறுபடி எடுத்தேன். கோணி பாதி நிறைந்தது. கைதட்டல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. குனிந்து எடுப்பதும் போடுவதுமாக இருந்தேன். உருண்டை உருண்டையின்மேல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கோணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வளையல்கள் முழங்கை வரை இறங்கிக் கிடந்தன.

ஒருவழியாகப் பலகை எழுந்து அவளுக்குச் சமமாக வந்து நின்றது. கோணியின் வாயைக் கட்டுகிற அளவுக்கு வெல்லம் தராசுக்கு வெளியே மிஞ்சியிருந்தது.

அண்ணன் சுற்றிப் பார்த்துவிட்டு, "வெல்லம் ஏறிடுச்சு" என்றார். "ஈரம் குடிச்சிருக்கும். ஈரக் காத்துல பட்டு எடை ஏறுதுல்ல, அது மாதிரி. வேற ஒண்ணும் இல்ல."

நெய்கிறவர்களுக்கு அது சட்டென்று புரிகிற காரணம். பட்டை நிறுத்துக் கொடுத்து, புடவையை நிறுத்து வாங்குகிற ஊர். ஈரத்தால் எடை கூடிய சண்டைகள் எத்தனையோ நடந்திருக்கின்றன. இரண்டு பேர் தலையாட்டினார்கள். பரணில் வெல்லம் கசிந்து, பலகை நனைந்து, எறும்பு ஏறியதை அந்த வீட்டில் எல்லாரும் பார்த்திருந்தோம். கசிந்த வெல்லம் எடை குறையும். அதை ஒருவரும் சொல்லவில்லை.

நடக்கிற பெண்களில் இளையவள்தான் வாயைத் திறந்தாள். "அண்ணே, அக்கா எங்க நடக்குது? ஆனி பொறந்ததுலருந்து மைதானத்துச் செவுத்துமேலதான் உக்காந்துகினு இருக்குது. நீங்க சுத்தி வாங்கடி, கால் வலிக்குதுன்னு சொல்லிடும். நாங்கதான் சுத்திகினு வரோம்."

அண்ணன் அக்காவைப் பார்த்தார்.

"வெல்லம் ஏறலங்க" என்றாள் அக்கா, பலகையில் இருந்தபடியே. "நான்தான் எறங்கிட்டேன். அவல் கூட உள்ள தங்க மாட்டேங்குது. எல்லாரும் நல்லா கீறன்னு சொல்றீங்களேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்." பிறகு, "இப்படியே வேலூருக்கு இட்டுனு போங்க. டாக்டர் பாக்கட்டும்" என்றாள்.

"கோயிலுக்கு வந்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்கா?" என்றார் அண்ணன். "வூட்டுக்குப் போய் வெளக்கேத்திட்டுப் போலாம். ஆவணி முகூர்த்தப் புடவை ரெண்டு தறியிலயும் நிக்குது. அதை எறக்கிட்டுப் போலாம்."

கோயிலுக்குப் போனால் நேராக வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று மற்றவர்களும் சொன்னார்கள். பலகையிலிருந்து இறங்குவதற்கு அக்காவுக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

மிச்ச வெல்லத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. எடைக்கு மேல் அம்மன் கேட்கவில்லை என்றார் பூசாரி. அண்ணன் வண்டியில் ஏற்றச் சொன்னார். நான் கோணியைத் தூக்கியபோது அக்கா என் சட்டையைப் பிடித்தாள்.

"அது வூட்டுக்கு வர வேணாம் தம்பி. நீ எடுத்துகினு போ. போற வழியில யாருக்குனா குடுத்துட்டு வந்துடு."

அப்படித்தான் அது என் தலைக்கு வந்தது. வழியில் நாற்று நடுகிறவர்கள் இருந்தார்கள், ஆடு மேய்க்கிறவர்கள் இருந்தார்கள். யாரிடம் போனாலும், யாருடைய வேண்டுதல், ஏன் மிஞ்சியது என்று கேட்பார்களே என்று தாண்டிக்கொண்டே போனேன். நடக்க நடக்க, அவளையே தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி இருந்தது. தோளுக்கு மாற்றிப் பார்த்தேன். இடுப்பில் வைத்துப் பார்த்தேன். எப்படி வைத்தாலும் அந்த எண்ணம் போகவில்லை. ஆரணிக்குத் திரும்புகிற பாதை பிரிந்த இடத்தில் நான் களம்பூர்ப் பக்கம் திரும்பினேன்.

பிறகு நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. சில வருஷம் கழித்து ஒரு லாரியில் கிளீனராக ஆரணி வழியாகப் போனேன். விடிகிற நேரம். கோட்டை மைதானத்து ஓரமாக, தூக்குப் பாத்திரங்களோடு பெண்கள் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். மூன்று பேராக இருந்தவர்கள் இப்போது ஒரு கூட்டம். டிரைவரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். அந்த இளைய பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அவளும் பருத்திருந்தாள்.

"முகூர்த்தப் புடவை எறக்கிட்டுத்தான் வேலூருக்குப் போனாங்க. வயித்துல கட்டின்னாங்க. ரொம்ப லேட்டுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. பொங்கலுக்கு அக்கா இல்ல." பிறகு, கேட்காமலே சொன்னாள். "நடக்கறத வுட்டுடலாம்னுதான் பாத்தோம். வுட முடியல. வூட்டுல கீற நேரத்துல அக்கா ஞாபகம்தான் வருது." சொல்லிவிட்டு, முன்னால் போனவர்களோடு சேர ஓடினாள். அவளுடைய தூக்கின் மூடி கடகடவென்று ஆடியது.

ஆனால் அந்த ஆடி வெள்ளியன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. இருட்டுகிற நேரத்தில் களம்பூர் வந்து, ஒரு ரைஸ் மில் மதிலோரம் கோணிக்குப் பக்கத்தில் படுத்தேன். காலையில் எழுந்தபோது கோணி முழுக்கக் கட்டெறும்பு. தட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு மில்லுக்குள் போய் மேஸ்திரியிடம் வேலை கேட்டேன்.

"இன்னா மூட்டை அது? உள்ள வர்ற எதுவா இருந்தாலும் தராசுல வெச்சுட்டு வரணும். வை" என்றார்.

"வேணாங்க. எடை போடாதீங்க. வெல்லம்தான், சாப்பிடறவங்களுக்குக் குடுக்கறதுக்கு."

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பர் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். எடை போடுகிறவன் ஊருக்குப் போயிருக்கிறான், அந்த வேலைக்கு நில், நிழலில் நிற்கிற வேலை என்றார். வேண்டாம் என்றேன்.

வெளியே களத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையாக நடந்து காலாலேயே நெல்லைக் கீறிவிட்டார்கள். எல்லாருக்கும் அக்கா வயதுதான். கோயில் வெல்லம் என்று சொல்லி அவர்களிடம் கோணியைப் பிரித்து வைத்தேன். ஒருத்தி ஒரு துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எந்தக் கோயிலுப்பா?"

"படவேடு. வேண்டுதல் வெல்லம். மிச்சம்."

"யாருக்கு வேண்டிகினாங்க?"

"ஒரு அக்காவுக்கு."

"இப்ப எப்படி கீறாங்க?"

"இளைச்சுட்டாங்க" என்றேன்.

"ஐயோ பாவமே" என்றாள் அவள், வாயருகே கொண்டுபோன வெல்லத்தை நிறுத்தி. ஆறு மாதத்தில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பதிலை அப்போதுதான் கேட்டேன்.

நான் திரும்பிப் போய் மேஸ்திரியிடம், களத்து வேலை கொடுங்கள் என்றேன்.

"அது பொம்பளைங்க வேலைடா. கூலியும் கம்மி."

"பரவால்லீங்க."

செருப்பை மதிலோரம் விட்டுவிட்டு இறங்கினேன். நெல் சுட்டது. காலை இழுத்து இழுத்து வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கீறிக்கொண்டே நடக்க வேண்டும். போய்த் திரும்பி வருவதற்குள் முதலில் கீறிய நெல் மேலாகக் காய்ந்திருக்கும். மறுபடி நடக்க வேண்டும்.