இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளி

இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூவைத்தான் வைத்தேன். அம்மன் சந்நிதியில் என் புருஷனை ஏமாற்றினேன். சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

எழுத்துக்கூட்டி எழுதுகிறவள் நான். மெதுவாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உறையூரில் எங்களுக்குச் சுருட்டுப் பட்டறை. இந்த யுத்தம் வருவதற்கு ரொம்ப முன்னால், கப்பலில் சமையல் வேலை பார்த்துத் திரும்பிய சிநேகிதர் ஒருவர் என் புருஷனிடம் மேற்கிந்தியத் தீவுகளைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். அன்று பிடித்தது அவருக்கு அந்த ஆசை!

காலையில் வாசலில் நான் கோலப்புள்ளி வைத்தால் பக்கத்தில் வந்து குந்திக்கொள்வார்.

“இந்தா மரகதம், இந்தப் புள்ளி கியூபா. பொகையிலைக்குப் பேர்போன ஊரு. இது ஜமைக்கா. கீழ இருக்கே, அது டிரினிடாட். ஒண்ணுலேருந்து ஒண்ணுக்குச் சின்னக் கப்பல் போவுதாம். ரெண்டு பேருமா ஒரு சுத்து போயிட்டு வந்துடுவோம்.”

“காசிக்குப் போனாலும் புண்ணியம். அங்க போயி என்னங்க பண்றது?”

“ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா பாக்கலாம். அங்க பொம்பளைங்களும் சுருட்டு பிடிப்பாங்களாம். நீயும் ஒண்ணு பத்த வச்சுக்க!”

சிரித்தேன். உள்ளுக்குள் பயம். கடலை நினைத்தா? அதெல்லாம் இல்லை! உறையூரில் நான் நடந்தால் எதிரே வருகிற பெண்கள் மரியாதையாய் ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்தக் கப்பலில் நான் யார்? இங்கிலீஷ் பெயர்ப்பலகை படிக்கத் தெரியாமல், ஒரு வாய்த் தண்ணீருக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள்... அந்தக் கோலத்தில் என்னை அவர் பார்க்க வேண்டுமா?

இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே! கர்வம் விட்டதா?

“அம்மன்கிட்ட பூக்கட்டிப் பாப்போங்க” என்றேன். வெள்ளை வந்தால் பயணம், சிவப்பு வந்தால் வேண்டாம். பூவை இலையில் மடித்து நாரால் கட்டுவது என் வேலை.

கண்ணை மூடிக்கொண்டு இரண்டில் ஒன்றை அவரே எடுத்தார். பிரித்தார். சிவப்பு அரளி.

“சரி... ஆத்தா வேணாங்கிறா.”

அவ்வளவுதான்.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஆற்றில் விட வேண்டும். அந்த வழக்கத்தை நம்பித்தானே துணிந்தேன்! மறுநாள் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படியில் இறங்கிக் காவிரியில் விட்டேன். தண்ணீரின் இழுப்பில் நார் நழுவிவிட்டது... இலை விரிந்தது. சிவப்பு அரளி கண்ணெதிரே மிதந்து போயிற்று.

அவர் எனக்குப் பின்னால், ஒரு படி மேலே நின்றிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

“படி வழுக்குது மரகதம். கையப் பிடிச்சுக்க.”

பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.

பார்த்தாரா? இத்தனை வருஷமாகத் தெரியவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்... தீவு என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. இப்போது அவருக்கு முழங்கால் போய்விட்டது. கப்பலும் யுத்தத்துக்குப் போய்விட்டதாம். அடுத்த அறையில்தான் இருக்கிறார். உங்களிடம் சொல்வதை அவரிடம் சொல்ல, நான்கு அடி நடக்க வேண்டும். நடக்கவில்லை.

தெருப்பெண்கள் இன்றும் பூக்கட்ட என்னைத்தான் தேடி வருகிறார்கள். என் கை சுத்தமான கையாம்! ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு வைத்துக் கட்டுகிறேன். சந்தேகம் வந்து, மறுபடி பிரித்துப் பார்த்துக் கட்டுகிறேன்.

நான் நாரைக் கையில் எடுத்தால் மட்டும், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விடுகிறார்.