எழுதிக் காட்டச் சொன்னவர்

நம்பிக்கை தரும் இளம் சிறுகதை எழுத்தாளர்கள் என்று ஒரு பட்டியல் வெளியிடப் போவதாக அந்த மாதப் பத்திரிகை அறிவித்திருந்தது. யுத்தகாலம். காகிதத் தட்டுப்பாட்டில் பத்திரிகையே இளைத்துப் போயிருந்தது. ஆனாலும் அந்தப் பட்டியலில் இடம்பிடிக்க எனக்கு வெறியாக ஆசை இருந்தது. சொல்ல வெட்கமில்லை. என் கதைகளை அவர்கள்தான் போட்டுவந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் ஆசிரியரே ரயிலேறி, அம்பத்தூரில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். மோர் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தார், குடிக்கவில்லை. பேசியதும் என்னிடமில்லை, என் வீட்டுக்காரரிடம்.

"கள்ளுக்கடைச் சண்டையெல்லாம் ஒரு பெண்ணால் எழுத முடியுமா? நீங்கள்தானே எழுதுகிறீர்கள்? மனைவி பெயரில் எழுதுவது இப்போது சகஜம்தான். தப்பாக நினைக்க மாட்டேன்."

என் வீட்டுக்காரர் ஆவடி ராணுவ முகாமுக்குச் செங்கல் வண்டி ஓட்டுகிறவர். "நானா? கையெய்த்து போடவே எனுக்கு நாக்கு தள்ளும் சாமி. அது எய்தறத நான் படிச்சதுகூட இல்ல" என்று சிரித்தார். கள்ளுக்கடை எங்கள் வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. ஆசிரியர் அதைத் தாண்டித்தான் வந்திருந்தார்.

இப்போது என் பக்கம் திரும்பிப் பேனாவை நீட்டினார். "அப்படியானால் என் எதிரில் ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்கள் அம்மா. மழையைப் பற்றி எழுதினாலும் போதும். பெயரைச் சேர்த்துவிடுகிறேன்."

நான் பேனாவை வாங்கவில்லை. "பட்டியல்ல கீறவங்க எல்லாரையும் இப்பிடி குந்த வச்சி எய்த சொன்னீங்களா?"

"அவர்கள் விஷயத்தில் சந்தேகம் வரவில்லையே."

"அப்ப என் பேரு வாணாம்."

வீட்டுக்காரர் என்னை உள்ளே இழுத்துப்போனார். "ரெண்டு வரி கிறுக்கிக் குடேன். இதுக்குத்தான எம்மா நாளா ஏங்கிகினு இருந்த?"

ஏங்கியது நிஜம்தான். பெண் பார்க்க வந்தவர்கள் நடக்கச் சொன்னபோது நடந்து காட்டினேன். அப்போது எனக்கு வாய் இல்லை. எழுதிக் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன்.

பட்டியல் வந்தது. நான் இல்லை. அதில் ஒரே ஒரு பெண் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எழுதியவர் மீசை வைத்த ஒரு பாங்கு குமாஸ்தா என்று பின்னால் தெரியவந்தது. அவரை யாரும் குந்த வைத்துப் பார்க்கவில்லை.

அந்த மாதமே அதே ஆசிரியருக்கு ஒரு கதை அனுப்பினேன். ஒருவர் வெயிலில் வருகிறார், மோரைத் தொடாமல் வைக்கிறார், பேனாவை நீட்டுகிறார். தலைப்புக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தேன்: 'இதை எழுதும்போது பக்கத்தில் யாரும் இல்லை.'

கதையைப் போட்டார். அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டார்.

வெட்டட்டும். என் கதைகள் புத்தகமாக வந்தபோது முன்னுரை, அணிந்துரை எதுவும் வேண்டாம் என்றேன். முதல் பக்கத்தில் அந்த வரி மட்டும் இருக்கிறது.